லிஃப்ட் ஒன்று, பயம் மூன்று

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, நம் டர்பனின் சாட்ஸ்வொர்த்திலிருந்தும் ஃபீனிக்ஸிலிருந்தும் வந்து அமர்ந்திருக்கும் பெரியோர்களே, தாய்மார்களே, வணக்கம்.

மனத்தை அறிய ஏற்ற வழி தனி ஒருவரைத் துருவிப் பார்ப்பதா, எல்லோருக்கும் பொதுவான விதியைத் தேடுவதா? இதுதான் தலைப்பு. நான் முதல் கட்சி. எனக்கு முன் பேசிய ஐயா, "ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம். இருநூறு பேரைச் சோதித்துச் சராசரி கண்டால் ஊர் மனமே தெரிந்துவிடும்" என்றார். நல்ல பழமொழி. ஆனால் ஒரு சோறு ஏன் பதம் சொல்கிறது? ஒரே அரிசி, ஒரே தண்ணீர், ஒரே அடுப்பு. நம் டர்பன் பிரியாணிச் சட்டியில் அதைச் செய்து பாருங்கள். மேலே கிடக்கும் சோற்றை நசுக்கிப் பார்த்துவிட்டு, அடியில் இருக்கும் உருளைக்கிழங்கு வெந்துவிட்டது என்று எந்தத் தாயும் சட்டியை இறக்க மாட்டார். பருப்புக்கு ஒரு நேரம், கறிக்கு ஒரு நேரம்.

இதையே மோலனார் என்ற உளவியல் அறிஞர் 2004-இல் கணிதமாக வாதிட்டார். கூட்டத்தில் கண்டது ஒருவருக்குள்ளும் அப்படியே பொருந்த வேண்டுமானால், எல்லோரும் ஒரே மாதிரி இயங்க வேண்டும். அந்த இயக்கம் காலத்தோடு மாறவும் கூடாது. குழந்தை வளர்கிறது, துக்கம் ஆறுகிறது, பழக்கம் படிகிறது. மனத்தில் அந்த இரண்டு நிபந்தனையும் எங்கே நிற்கும்?

டைப் அடிக்கும் ஐம்பது பேரை வரிசையாக உட்கார வையுங்கள். வேகமாக அடிப்பவர்கள் குறைவாகப் பிழை விடுவார்கள். அவர்கள் தேர்ந்த கை. கூட்டத்தின் விதி, "வேகம் கூடினால் பிழை குறையும்" என்கிறது. இப்போது ஒரே ஒருவரை உட்கார வைத்து, வழக்கத்தைவிட வேகமாக அடிக்கச் சொல்லுங்கள். பிழை கூடும். விதி தலைகீழாகிவிட்டது. கூட்டத்தின் விதியை நம்பிப் புதிதாகப் பழகும் பிள்ளையிடம் "வேகமாக அடி" என்றால் அந்தப் பிள்ளையைக் கெடுக்கிறோம்.

2018-இல் ஃபிஷர், மெடாக்லியா, ஜெரோனிமஸ் என்ற ஆய்வாளர்கள் மூவரும், பலரைப் பலமுறை அளந்த தரவுகளை எடுத்து இதைச் சரிபார்த்தார்கள். சராசரியை மட்டும் பார்த்தால் கூட்டமும் தனிநபரும் ஏறக்குறைய ஒத்துப்போயின. சிதறலை, அதாவது அளவுகள் சராசரியைவிட்டு எவ்வளவு விலகிப் பரவுகின்றன என்பதைப் பார்த்தபோது, ஒருவருக்குள் நடப்பது கூட்டத்தில் தெரிவதைவிட 2 முதல் 4 மடங்கு விரிந்திருந்தது. சராசரி மறைப்பது அவ்வளவு.

"ஒருவரைப் பார்ப்பது விஞ்ஞானமா?" என்று கேட்டார்கள். எபிங்ஹௌஸ் என்ற ஜெர்மன் உளவியல் அறிஞர் மறதியின் வளைவை, அதாவது படித்தது நாள் போகப் போக எப்படி மறக்கிறது என்பதைக் கண்டது ஒரே ஒருவரை வைத்து, தன்னையே வைத்து. பொருளில்லாத அசைகள் சுமார் 2,300 செய்து, பட்டியல் பட்டியலாக மனப்பாடம் பண்ணினார். மறந்ததை மறுபடி படிக்கும்போது எவ்வளவு உழைப்பு மிச்சமாகிறது என்பது அவருடைய அளவுகோல். 20 நிமிடம் கழித்து 58 சதவீதம், ஒரு நாளில் 34, ஒரு மாதத்தில் 21. 1885-இல் வெளியிட்டார். 2015-இல் ஆம்ஸ்டர்டாமில் இதை மறுபடி செய்து பார்த்தபோதும் மனப்பாடம் செய்தவர் ஒருவரே. வளைவு ஏறக்குறைய அப்படியே வந்தது. எங்கள் முறை இதுதான். ஒருவரிடம் ஆழமாகக் கண்டுகொள், பிறகு அடுத்த ஒருவரிடம் சோதி. பொது விதி வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. அதற்குப் போகும் பாதை தனி மனிதர் வழியாகப் போகட்டும் என்கிறோம்.

நம் தென்னாப்பிரிக்க மண்ணுக்கே வருகிறேன். ஜோகன்னஸ்பர்க்கில் பிறந்த மனநல மருத்துவர் ஜோசப் வோல்பே பயத்தைப் போக்க ஒரு முறை வகுத்து, 1958-இல் நூலாக எழுதினார். உடல் இறுக்கமில்லாமல் தளர்ந்திருக்கும்போது பயம் தலையெடுக்காது என்பது அதன் பொது விதி. எதிரணி அதை எடுத்துக்கொள்ளட்டும், ஒரு வரிதான். சிகிச்சை முழுவதும் அந்த ஒருவருடைய பயப் பட்டியலில் இருக்கிறது.

மூன்று பேருக்கு லிஃப்ட் என்றால் பயம் என்று வைத்துக்கொள்வோம். ஒருவருக்கு அறுந்து விழுமோ என்ற பயம். இன்னொருவருக்குக் கதவு மூடியதும் மூச்சு முட்டும். மூன்றாமவருக்கு அந்நியர்கள் நெருங்கி நின்று பார்ப்பது தாங்காது. வினாத்தாளில் மூவருக்கும் ஒரே மதிப்பெண் விழலாம். வோல்பே வழியில் ஒவ்வொருவரும் பத்துப் பதினைந்து சூழல்களை அட்டைகளில் எழுதி, 0 முதல் 100 வரை பயத்துக்கு எண் கொடுத்து அடுக்குவார்கள். பிறகு உடலைத் தளர்த்திக்கொண்டு, சின்ன எண்ணிலிருந்து ஒவ்வொரு அட்டையாக மனக்கண்ணில் பார்த்து மேலே ஏறுவார்கள். விழும் பயக்காரருக்கு இரண்டாம் மாடி 20, இருபதாம் மாடி 90. மூச்சு முட்டுபவருக்கு மாடி எண்ணே பொருட்டில்லை. கதவு மூடி நிற்கும் விநாடிகள்தான் கணக்கு. அட்டைக்கு அட்டை இடைவெளி சுமார் பத்துக்குள் இருக்க வேண்டும். 40-இலிருந்து 70-க்குத் தாவினால் ஆள் உறைந்துபோவார், அதுவரை பட்ட பாடு வீண். இரண்டு வகைப் பயத்தை ஒரே அடுக்கில் கலந்தாலும் பாதியில் நின்றுவிடும். அப்போது அடுக்கைப் பிரித்துப் புதிதாக எழுத வேண்டும். இந்த அட்டைகளை எந்தச் சராசரி எழுதித் தரும்?

எதிரணியின் வலுவான வாதம் பால் மீல் என்ற அமெரிக்க உளவியல் அறிஞருடையது. மருத்துவர் உள்ளுணர்வால் கணிப்பதைவிடப் புள்ளிவிவரச் சூத்திரம் பொதுவாகத் தோற்பதில்லை என்று 1954-இல் அவர் காட்டினார். ஒப்புக்கொள்கிறேன். உள்ளுணர்வுக்காக நான் வாதாட வரவில்லை. நானும் எண்களால் அளக்கத்தான் சொல்கிறேன், ஆனால் ஒரே ஆளைப் பலமுறை. ஆயிரம் பேரில் எத்தனை பேர் மறுபடி மருத்துவமனைக்கு வருவார்கள் என்பதற்குச் சூத்திரம் சரி. தூக்கம் வராமல் எதிரே உட்கார்ந்திருக்கும் ஒரு அம்மாவுக்கு மாலைத் தேநீர்தான் காரணமா என்பதற்கு? ஒரு வாரம் வழக்கம்போலக் குடித்து, தூங்கிய மணிநேரத்தை தினமும் டயரியில் குறிக்கட்டும். ஒரு வாரம் நிறுத்தட்டும். மறுபடி ஒரு வாரம் குடிக்கட்டும், மறுபடி நிறுத்தட்டும். ஒவ்வொரு கட்டத்துக்கும் ஐந்து நாள் கணக்காவது வேண்டும். முதல் வாரத்திலேயே தூக்கம் தானாகக் கூடிக்கொண்டிருந்தால், அது நிலைப்படும்வரை எதையும் மாற்றக்கூடாது. தேநீரோடு பகல் தூக்கத்தையும் சேர்த்து நிறுத்தினால் எது வேலை செய்தது என்று தெரியாது. நிறுத்தும்போதெல்லாம் தூக்கம் கூடி, குடிக்கும்போதெல்லாம் குறைந்தால், நடுவர் அவர்களே, காரணம் அந்த அம்மாவின் டயரியிலேயே இருக்கிறது. குறையவில்லை என்றால் தேநீரை அவருக்குத் திருப்பிக் கொடுத்துவிட்டு, அடுத்த காரணத்தைச் சோதிக்கலாம்.