குழாய் எங்கே இறங்கும்?

(கீழக்கரையில் பாலிடெக்னிக் மாணவர்களிடம் பேசியதன் எழுத்து வடிவம்)

அஸ்ஸலாமு அலைக்கும். வணக்கம்.

இந்த மண்டபத்துக்கு வரும் வழியில் ஒரு அக்கா தள்ளுவண்டியில் ஆறு குடம் வைத்துத் தள்ளிக்கொண்டு போனார். மேடு கூட இல்லை, சமதரைதான், அதற்கே நின்று நின்று மூச்சு வாங்கினார். தண்ணீருடைய கனம் நம் ராமநாதபுரத்துக்காரர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அந்தக் கனத்தோடு துபாய் புர்ஜ் கலீஃபாவை நினைத்துப் பாருங்கள். 828 மீட்டர் உயரம். அதற்குள் ஒரு நாளைக்குச் சராசரியாக 9,46,000 லிட்டர் தண்ணீர் போகிறது.

நான் துபாயில் 22 வருஷம் பைப் வேலை பார்த்தவன். பிளம்பராகப் போனேன், ஃபோர்மேனாகத் திரும்பினேன். கடை, ஆபீஸ், வீடு, ஹோட்டல் எல்லாம் ஒரே கட்டிடத்துக்குள் இருக்கிற கோபுரங்களில்தான் என் வேலைக்காலம் பெரும்பாலும் போனது. உங்களில் பாதிப் பேர் விசா வந்ததும் அதே மாதிரி சைட்டுக்குத்தான் போகப்போகிறீர்கள். அதனால் ஒரே ஒரு விஷயத்தைச் சொல்லத்தான் வந்தேன்: எந்த மாடியில் யார் இருக்கப்போகிறார்கள் என்பதை முதலிலேயே முடிவு செய்து, அதில் நிற்க வேண்டும். பாதியில் மாற்றினால் என்ன ஆகும் என்று நான் கையால் தொட்டுப் பார்த்திருக்கிறேன், அதை அப்புறம் சொல்கிறேன்.

முதலில் தண்ணீர். பத்து மீட்டர் உயரத் தண்ணீர் ஏறக்குறைய ஒரு ‘பார்’ அழுத்தம் தரும், பார் என்பது அழுத்தத்தை அளக்கிற அலகு. வீட்டுக் குழாய்க்கு மூன்று, நான்கு பார் போதும். உச்சியில் ஒரு டேங்க் வைத்து ஒரே பைப்பில் 500 மீட்டர் கீழே இறக்கினால் அடிமாடியில் 50 பார் நிற்கும், குழாய் பிய்த்துக்கொண்டு போய்விடும். அதனால் நடுநடுவே இயந்திர மாடிகள் விடுவார்கள். அங்கே டேங்க், பம்ப், அழுத்தத்தைக் குறைக்கும் வால்வு எல்லாம் இருக்கும். ஒவ்வொரு இருபது முப்பது மாடிக்கும் தனியாக ஒரு ஊருணி வெட்டின மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த மாடியில் வாடகை வராது, முதல் போடுகிறவருக்கு அது கண்ணை உறுத்தும், ஆனால் அது இல்லாமல் மேலே ஒரு டம்ளர் தண்ணீர் கிடையாது. இன்னொன்று, புர்ஜ் கலீஃபாவில் ஏசி குளிரில் திரளும் தண்ணீரைக்கூட வீணாக்குவதில்லை, வருஷத்துக்கு 5.5 கோடி லிட்டருக்கும் மேல் சேர்த்துக் கீழே இருக்கிற செடிகளுக்குப் பாய்ச்சுகிறார்கள். நம் ஊரில் ஏசி தண்ணீர் தெருவில் சொட்டிக்கொண்டே இருக்கிறது, பார்க்கும்போதெல்லாம் மனசு பதறுகிறது.

சரி, இந்தக் கலப்புக் கோபுரத்தை ஒழுங்காக யோசித்தவர் யார் என்றால் எனக்கு ஃபஸ்லுர் ரஹ்மான் கான் பெயர்தான் முதலில் வரும். 1929-இல் டாக்காவில் பிறந்தவர், சிகாகோவில் வேலை பார்த்த பொறியாளர். அவரும் புரூஸ் கிரஹாம் என்ற கட்டிடக் கலைஞரும் சேர்ந்து அதே சிகாகோவில் செய்த ஜான் ஹான்காக் சென்டர் 1969-இல் முடிந்தது. 100 மாடி, 344 மீட்டர். வெளிப்பக்கம் பெரிய பெரிய பெருக்கல் குறி போட்ட மாதிரி இரும்பு ஓடும், காற்றின் தள்ளலை அந்த இரும்புதான் தாங்குகிறது. கீழே கடை, அதற்கு மேல் கார் நிறுத்தம், அதற்கு மேல் ஆபீஸ், 44-ஆம் மாடிக்கு மேலே வீடுகள். கட்டிடம் அடியில் அகன்று மேலே போகப்போகக் குறுகும். அது வெறும் அழகுக்கு என்றுதான் நானும் ரொம்ப நாள் நினைத்திருந்தேன். ஆபீஸில் நடுவே உட்கார்ந்திருப்பவருக்கு ஜன்னல் இல்லாவிட்டாலும் விளக்கு போட்டு வேலை நடக்கும், ஆகவே தளம் அகலமாக இருக்கலாம். வீட்டில் படுக்கையறைக்கு ஜன்னல் வேண்டும், ஆகவே தளம் ஒல்லியாக இருக்க வேண்டும். யார் எங்கே இருப்பார்கள் என்பதும் காற்றுக்கு எப்படி நிற்பது என்பதும் அந்தக் குறுகலில் ஒன்றாகச் சேர்ந்துவிட்டன.

லிஃப்ட்டும் அதே கதை. எல்லா லிஃப்டும் அடியிலிருந்து உச்சி வரை ஓடினால் கீழ்மாடிகளில் லிஃப்ட் குழியைத் தவிர இடமே மிஞ்சாது. அதனால் ஹான்காக்கில் வீட்டுக்காரர்கள் 44 வரை ஒரு லிஃப்ட்டில் போய் அங்கே மாறுவார்கள். புர்ஜ் கலீஃபாவில் 43, 76, 123 என்று மூன்று இடத்தில் மாறும் மாடிகள். ஒன்றைக் கவனியுங்கள், அங்கே ஆபீஸ்கள் வீடுகளுக்கு மேலே இருக்கின்றன. உச்சியில் தளம் சின்னது, ஆகவே சின்னச் சின்ன ஆபீஸ்கள். அந்த உயரம் எவ்வளவு என்றால், 80-ஆம் மாடிக்கு மேலே இருப்பவர்கள் நோன்பு திறக்க இரண்டு நிமிடமும் 150-க்கு மேலே இருப்பவர்கள் மூன்று நிமிடமும் கூடுதலாகக் காத்திருக்க வேண்டும் என்று 2011-இல் துபாய் மார்க்க அறிஞர்கள் சொன்னார்கள். மேலே சூரியன் இன்னும் மறைந்திருக்காது.

இப்போது என் கதை. 2009, துபாயில் பணமுடை வந்த நேரம். நாங்கள் வேலை செய்த கோபுரத்தில் கீழே கடையும் பார்க்கிங்கும், நடுவில் ஆபீஸ், மேலே வீடு. ஆபீஸை வாங்க ஆள் இல்லை என்று 14-இலிருந்து 19 வரை ஆறு மாடியை வீடாக மாற்றச் சொன்னார்கள். ஸ்லாப் ஏற்கனவே போட்டாயிற்று. ஆபீஸில் கழிப்பறை எல்லாம் லிஃப்ட் பக்கத்தில் ஒரே இடத்தில் இருக்கும், பைப் அங்கேயே நேராக இறங்கிவிடும். வீடு என்றால் மூலைக்கு மூலை குளியலறை, சமையலறை. தளமோ போஸ்ட் டென்ஷன், உள்ளே முறுக்கி இழுத்த கேபிள் ஓடுகிறது, ஒன்றை அறுத்தாலும் ஆபத்து. ஒவ்வொரு துளைக்கும் ஸ்கேன் எடுத்து, சாக்பீஸில் கோடு போட்டு, பயந்து பயந்து துளைத்தோம். ஜன்னல் எட்டாத நடுப்பகுதியில் இருட்டறைகளாக விட்டார்கள், அதற்கு ஸ்டடி ரூம் என்று பெயர் வைத்தார்கள்.

அதைவிடப் பெரிய தப்பு காற்றுக்குழாயில், அதாவது கழிவுப் பைப்புக்குக் காற்று விடுகிற குழாயில் நடந்தது. மேலேயிருந்து கழிவு இறங்கும்போது பைப் சுவரை ஒட்டி வளையமாக இறங்கும், நடுவில் காற்று ஓடும். நூறு மாடியிலிருந்து விழுந்தால் வேகம் ஏறிக்கொண்டே போகும் என்று நினைப்பார்கள், அப்படி இல்லை, சில மாடிகளுக்குள்ளேயே வேகம் ஒரு அளவில் நின்றுவிடும். இறங்குகிற தண்ணீர் காற்றைக் கூடவே இழுக்கும். அந்தக் காற்று வர வழி வைக்காவிட்டால் குளியலறை வளைவுக்குழாயில் நாற்றத்தைத் தடுக்க நிற்கிற இரண்டு அங்குலத் தண்ணீரை உறிஞ்சிக்கொண்டு போய்விடும். தனிக் காற்றுக்குழாய் வேண்டும் என்று நான் எழுதிக் கொடுத்தேன். இடம் இல்லை, இருக்கிற குழாயிலேயே சேர்த்துவிடு என்று மேலிடம் சொன்னது. சேர்த்துவிட்டேன். நான் சேர்த்திருக்கக் கூடாது.

குடியேறி ஒரு மாதத்தில் 17-ஆம் மாடியிலிருந்து ஒரு தாய் கூப்பிட்டார். ராத்திரியில் குளியலறை குடகுடவென்று சத்தம் போடுகிறது, கைக்குழந்தை இருக்கிற வீடு, நாற்றத்தில் கதவைத் திறக்க முடியவில்லை என்றார். போய்ப் பார்த்தேன், வளைவுக்குழாய் வறண்டு கிடந்தது. நான்கு மாதம் சுவரை உடைத்து, லிஃப்ட் பக்கத்தில் இருந்த சாமான் அறையைப் பிடுங்கி, கடைசியில் அந்தக் காற்றுக்குழாயை மேலே வரை கொண்டுபோனோம். முதலிலேயே கேட்ட இடத்தைப்போல இரண்டு மடங்கு இடம் அதற்குப் போனது.

அந்தக் கட்டிடத்தின் ரைசர் டிராயிங்கை, அதாவது எல்லா மாடிக்கும் பைப் ஏறி இறங்குகிற படத்தை, அங்கே மேஜையில் விரித்து வைத்திருக்கிறேன். நீளமாக இருக்கும், நாலு பேர் பிடித்துக்கொள்ளுங்கள். 14-இலிருந்து 19 வரை சிவப்புப் பென்சிலில் நான் போட்ட கோடு இருக்கிறது. தேநீர் வருவதற்குள் அந்த இடத்தில் காற்றுக்குழாயை நீங்களாக இருந்தால் எங்கே விடுவீர்கள் என்று பாருங்கள், நான் பக்கத்தில்தான் நிற்பேன்.