கண்டாங்கிக்கு இந்தச் சிவப்பு சரியா?

குரல் கொஞ்சம் எதிரொலிக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். காரைக்குடி வீட்டு வளவில், அதாவது நடுமுற்றத்தில், உட்கார்ந்து பேசுகிறேன். மேலிருந்து நல்ல வெயில் இறங்குகிறது, அதனால் விளக்கெல்லாம் அணைத்துவிட்டேன். காரணம் அப்புறம் சொல்கிறேன்.

இதோ, இவர்தான் நம்ம ஆச்சி. 75 மில்லிமீட்டர் உயரம், என் நடுவிரல் அளவு. செட்டிநாட்டுக் கண்டாங்கிப் புடவை கட்டிய ரெசின் பொம்மை. நிஜ ஆளில் ஏறக்குறைய 24இல் ஒரு பங்கு. மூன்று வாரமாக ராத்திரி சாப்பாடு முடிந்து உட்கார்ந்து வண்ணம் தீட்டினேன். முடிந்தது என்று மேட் வார்னிஷ் டப்பாவைக் கையில் எடுத்த நேரம் பார்த்து அப்பத்தா எட்டிப் பார்த்தார்கள்.

"ஏம்ப்பா, குங்குமத்தைக் கரைச்சு ஊத்திட்டியா? கண்டாங்கி அரக்குல்ல!"

சொன்னதோடு விடவில்லை. பீரோவிலிருந்து பழைய கண்டாங்கி ஒன்றை எடுத்து மடியில் போட்டுவிட்டார்கள். பக்கத்தில் வைத்துப் பாருங்கள். புடவையின் சிவப்புக்குள் ஒரு பழுப்பு இருக்கிறது, வற்றல் மிளகாய் மாதிரி. என்னுடையது பளீரென்று கத்துகிறது. தப்பு என் மேசை விளக்கில். மலிவான வெள்ளை எல்இடி. அதில் சிவப்பு மங்கித்தான் தெரியும். மங்கலாக இருக்கிறதே என்று ஆரஞ்சை ஏற்றிக்கொண்டே போயிருக்கிறேன். அதனால்தான் இன்றைக்குப் பகல் வெளிச்சம்.

பொம்மைப் புடவையின் மஞ்சளில் எனக்குத் திருப்தி. முதல் தடவை சாம்பல் நிறப் பிரைமர், அதாவது அடிப்பூச்சு, மேல் நேராக மஞ்சள் பூசினேன், பச்சை தட்டியது. மடிப்பு நிழலுக்குக் கருப்பு கலந்தேன், பாசி பிடித்த குளம் போல ஆகிவிட்டது. எல்லாவற்றையும் அழித்துவிட்டு, அடியில் காவி, அதன் மேல் நீர்மோர் பதத்தில் நாலு பூச்சு மஞ்சள், நிழலுக்குப் பழுப்பு. இப்போது மாம்பழம் மாதிரி நிற்கிறது, இல்லையா?

சரி, நிஜமான குழப்பம் இனிமேல்தான். அப்பத்தா சொல்கிற அரக்கை அப்படியே கலந்து ஒரு துண்டு ரெசினில் பூசிப் பார்த்தேன். இந்தச் சின்ன அளவில் அது கனத்துப் போய்க் கருஞ்சிவப்பாகத் தெரிகிறது. பொம்மையை ஒரு அடி தள்ளிப் பார்ப்பது, ஆளை 24 அடி தள்ளிப் பார்ப்பதற்குச் சமம். தங்கச்சியிடம் கெஞ்சி, புடவையைச் சுற்றிக்கொண்டு வளவின் அந்தக் கோடியில் நிற்க வைத்தேன். 24 அடியில் அரக்கு கொஞ்சம் வெளிறித்தான் தெரிந்தது. புடவையில் ஒரு அங்குலக் கட்டம் பொம்மையில் ஒரு மில்லிமீட்டர்; அந்தக் கட்டத்தின் கருப்புக் கோடுகூட அங்கிருந்து பழுப்பாகத் தெரிந்தது. ஆக, சாயலில் அப்பத்தா சொல்வது சரி, அழுத்தத்தில் நான் சொல்வது சரி. இதை அவர்களிடம் சொல்லவில்லை.

இடப்பக்கக் கொசுவம் பழைய சிவப்பு. வலப்பக்கத்தில் நீர்த்த பழுப்பை மெல்லிய படலமாக ஓட்டியிருக்கிறேன். எது கண்டாங்கி? சொல்லுங்கள். 2019இல் புவிசார் குறியீடு வாங்கிய புடவை, நிறத்தில் விளையாடினால் ஊர்க்காரர்கள் என்னைச் சும்மா விடமாட்டார்கள்.

முகத்தையும் பாருங்கள். கன்ன மேட்டுக்கு வெள்ளை கலந்தது தப்பு, திருநீறு பூசிய மாதிரி இருக்கிறது. அதைக் காவி கலந்து நானே சரிசெய்துவிடுவேன். புடவை கெண்டைக்கால் வரைதான், தண்டை தெரியவேண்டும் என்று. அந்த வெள்ளிக்குக் கருப்பு நிழல் போதுமா, இன்னும் வேண்டுமா?

பார்க்கும்போது போனில் நைட் மோடை அணைத்துவிடுங்கள், இல்லையென்றால் எல்லாமே மஞ்சளாகத் தெரிந்து என்னைத் திட்டுவீர்கள். பொம்மைக்குப் பக்கத்தில் வெள்ளைத் தாள் வைத்திருக்கிறேன், அது வெள்ளையாகத் தெரிந்தால் உங்கள் திரை சரி.

வார்னிஷ் டப்பாவை மூடித்தான் வைத்திருக்கிறேன். இருங்கள், அப்பத்தா கூப்பிடுகிறார்கள். புடவையில் பெயிண்ட் பட்டுவிட்டதா என்று பார்க்கவேண்டுமாம்.