பக்கெட் பூட்டியே இருக்கட்டும்: லாம்டா வழியாக எஸ்3 ஃபைலுக்குத் தற்காலிக லிங்க்

[திரையில்: பூட்டுப் போட்ட பக்கெட், உள்ளே வரிசையாக பி.டி.எஃப். ஃபைல்கள்]

வணக்கம். உங்கள் ஆப்பில் ஒருவர் லாகின் செய்கிறார். அவருடைய பில்லை டவுன்லோட் செய்ய வேண்டும். ஃபைல் இருப்பது அமேசானின் கிளவுட் சேமிப்பகமான எஸ்3-யில், பிரைவேட் பக்கெட்டில், அதாவது வெளியார் திறக்க முடியாத ஃபைல் தொகுப்பில். 2023 ஏப்ரலிலிருந்து புதிதாக உருவாக்கும் பக்கெட்டுகளுக்கு பப்ளிக் அணுகல் தடை தானாகவே ஆன் ஆகிவிடுகிறது. அதை ஆஃப் செய்து திறந்துவிட்டால் வேலை முடிந்தது என்று தோன்றும். ஆனால் அப்புறம் ஃபைல் பெயரை ஊகிக்கத் தெரிந்த யாரும் யார் பில்லையும் எடுத்துக்கொள்ளலாம்.

சரி, லாம்டா ஃபங்ஷனே, அதாவது அழைக்கும்போது மட்டும் அமேசானில் ஓடும் நம்முடைய சின்ன நிரலே, ஃபைலைப் படித்துத் திருப்பிக் கொடுக்கட்டுமே? சின்ன ஃபைலுக்கு ஓடும். லாம்டா வழக்கமாகத் தரும் பதிலுக்கு 6 எம்.பி. வரம்பு இருக்கிறது. பி.டி.எஃப். மாதிரியான பைனரி ஃபைலை பேஸ்64 என்ற எழுத்து வடிவத்துக்கு மாற்றி அனுப்பும்போது அளவு மூன்றில் ஒரு பங்கு கூடிவிடும். ஆக, நாலரை எம்.பி. தாண்டினாலே தகராறு. போதாததற்கு, ஃபைல் நகரும் நேரத்துக்கெல்லாம் லாம்டாவுக்கும் காசு.

[திரையில்: பயனர், லாம்டா, எஸ்3 ஆகிய மூன்று பெட்டிகள். ஃபைல் செல்லும் அம்புக்குறி எஸ்3-யிலிருந்து நேராகப் பயனருக்கு]

அதனால் லாம்டா ஃபைலைத் தொடவே வேண்டாம். அனுமதியை மட்டும் கொடுக்கட்டும். அதற்குத்தான் பிரீசைன்ட் யூ.ஆர்.எல்., அதாவது முன்கூட்டியே கையெழுத்துப் போட்ட தற்காலிக லிங்க், இருக்கிறது. பைத்தானில் அமேசானின் போட்டோ3 (boto3) லைப்ரரியை வைத்து, பக்கெட் பெயர், ஃபைலின் கீ (பக்கெட்டுக்குள் அதன் முழுப் பெயர்), எத்தனை வினாடி செல்லும் என்று மூன்றையும் கொடுத்தால் ஒரே வரியில் லிங்க் வந்துவிடும். வினாடியைச் சொல்லாமல் விட்டால் 3600, அதாவது ஒரு மணி நேரம்.

அந்த லிங்க்கைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்ப்போம்.

[திரையில்: நீளமான லிங்க்; பேசப் பேச ஒவ்வொரு பகுதியும் நிறம் மாறுகிறது]

முதலில் பக்கெட்டும் ஃபைலின் பாதையும். கேள்விக்குறிக்குப் பிறகு யாருடைய அணுகல் சாவியால் கையெழுத்து போட்டது, எந்த நேரத்தில் போட்டது, எத்தனை வினாடி செல்லும் என்ற விவரங்கள். கடைசியில் 64 எழுத்தும் எண்ணுமாக ஒரு கையெழுத்து. இவ்வளவு விவரத்தையும் ரகசியச் சாவியோடு சேர்த்து எச்மேக் ஷா-256 என்ற கணக்கு முறையில் அரைத்து எடுத்ததுதான் அது. யாராவது 300 என்பதை 30000 என்று திருத்தினாலோ, பாதையில் ஒரு எழுத்தை மாற்றினாலோ கணக்கு ஒத்துப்போகாது. எஸ்3 கதவைச் சாத்திவிடும். ஜி.இ.டி.-க்காக, அதாவது டவுன்லோடுக்காக, போட்ட லிங்க்கை வைத்து அப்லோடும் செய்ய முடியாது.

இந்தக் கையெழுத்தைப் போட லாம்டா எஸ்3-யிடம் எதுவுமே கேட்பதில்லை. கணக்கு முழுக்க லாம்டாவுக்குள்ளேயே நடக்கிறது. இதை பேரர் செக் மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள். கணக்கில் பணம் இல்லாவிட்டாலும் செக் எழுதலாம், வங்கிக்குப் போகும்போதுதான் திரும்பும். அதேபோல, லாம்டாவின் ரோலுக்கு (எதைத் தொடலாம் என்ற அனுமதிகளை அதற்குத் தரும் அடையாளம்) அனுமதி இல்லாவிட்டாலும், அந்த ஃபைலே இல்லாவிட்டாலும் லிங்க் அழகாக வரும், கிளிக் செய்யும்போதுதான் 403, அதாவது ‘அனுமதி இல்லை’ என்ற பிழை, அடிக்கும். செக் யார் கையில் இருக்கிறதோ அவருக்குத்தான் பணம் என்பதும் இங்கே பொருந்தும். லிங்க் கிடைத்தவர் யார் என்று எஸ்3 கேட்காது. அதனால் லாம்டாவின் லாகில் முழு லிங்க்கையும் பிரின்ட் செய்து வைக்காதீர்கள்.

403 என்றதும் அனுமதியையே நோண்டிக்கொண்டிருக்க வேண்டாம். ஃபைலைப் படிக்க மட்டும் அனுமதி இருந்து, பக்கெட்டைப் பட்டியலிட அனுமதி இல்லாவிட்டால், இல்லாத ஃபைலுக்கும் எஸ்3 404 (‘ஃபைல் இல்லை’) சொல்லாது, 403-தான் சொல்லும். கீயில் எழுத்துப்பிழை இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

[திரையில்: லாம்டா பெட்டிக்குள் இரண்டு படிகள். முதல் படி பெரிதாக, இரண்டாவது சின்னதாக]

கையெழுத்து ஒரு வரி வேலைதான். உண்மையான வேலை அதற்கு முந்தைய வரிகளில் இருக்கிறது. பிரவுசர் அனுப்பும் ஃபைல் பெயரை அப்படியே வாங்கிக் கையெழுத்துப் போடும் லாம்டா இருந்தால், பக்கெட்டைப் பூட்டியதற்கே அர்த்தமில்லை. பயனர் பில் எண்ணை மட்டும் அனுப்பட்டும். அவர் யார் என்பதை லாகின் டோக்கனிலிருந்து எடுங்கள். அந்த எண் அவருடையதுதானா என்று டேட்டாபேஸில் பார்த்து, கீயையும் அங்கிருந்தே எடுத்து, அப்புறம் கையெழுத்துப் போடுங்கள். லாம்டாவின் ரோலுக்கும் பில் இருக்கும் பாதைக்குள் படிக்கும் அனுமதி மட்டும் போதும்.

[திரையில்: இரண்டு கடிகாரங்கள், ஒன்றில் “லிங்க்”, இன்னொன்றில் “ரோலின் சாவி”]

அடுத்தது காலாவதி. பலரும் தடுக்கி விழும் இடம் இதுதான். ஒரு லிங்க் அதிகபட்சம் 7 நாள், அதாவது 604800 வினாடி செல்லும். லாம்டாவில் அதே எண்ணைக் கொடுத்துப் பாருங்கள். எந்தப் பிழையும் வராது, லிங்க்கும் வேலை செய்யும். ஆனால் 7 நாள் ஆகும் முன்பே செத்துவிடும். காரணம், லாம்டா கையெழுத்துப் போடுவது ரோலின் தற்காலிகச் சாவியால். அந்தச் சாவி எப்போது காலாவதியாகிறதோ, அதோடு லிங்க்கும் போய்விடும். லாம்டா ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த நிலையில் இருந்தால் சாவியின் ஆயுளில் கொஞ்சம் கரைந்தும் இருக்கும்.

மின்னஞ்சலில் அனுப்பும் லிங்க் ஒரு வாரம் இருக்க வேண்டுமே என்றால், அதற்காக நிரந்தரச் சாவி ஒன்றை உருவாக்கி லாம்டாவுக்குள் வைக்காதீர்கள். மின்னஞ்சலில் உங்கள் லாம்டாவின் முகவரியைக் கொடுங்கள். கிளிக் செய்ததும் லாம்டா ஆளைச் சரிபார்த்து, 60 வினாடி மட்டும் செல்லும் புது லிங்க்கை உருவாக்கி, 302 ரீடைரக்ட் மூலம் அங்கே தள்ளிவிடட்டும். பயனருக்கு இடையில் நடந்தது எதுவும் தெரியாது.

60 வினாடியில் பெரிய ஃபைல் இறங்காதே என்ற கவலை வேண்டாம். எஸ்3 நேரம் பார்ப்பது கோரிக்கை வந்து சேரும்போதுதான். தொடங்கிய டவுன்லோட் முடியும்வரை ஓடும். நடுவில் இணைப்பு அறுந்து, நேரமும் கடந்துவிட்டால்தான் புது லிங்க் வேண்டும்.

அப்லோடுக்கும் இதே முறைதான், ஜி.இ.டி.-க்குப் பதில் பி.யூ.டி.-க்குக் கையெழுத்துப் போட வேண்டும். ஃபைல் அளவுக்கு உச்சவரம்பு வைக்க வேண்டுமென்றால் பிரீசைன்ட் போஸ்ட் வசதியானது, அதன் பாலிசியிலேயே, அதாவது விதிகளிலேயே, அளவைக் குறிப்பிடலாம். கூகுள் கிளவுடில் இதற்கு சைன்ட் யூ.ஆர்.எல். என்று பெயர், அஷூரில் சாஸ் டோக்கன்.

[திரையில்: ஒரு லிங்க்கின் மேல் சிவப்புக் கோடு]

கொடுத்த லிங்க்கைத் திரும்ப வாங்க முடியுமா? ஒரு லிங்க்கை மட்டும் ரத்து செய்யும் பட்டன் எஸ்3-யில் கிடையாது. பக்கெட் பாலிசியில் அந்த ஒரு ஃபைலுக்குத் தடை போடலாம், அல்லது ஃபைலை வேறு கீயில் காப்பி செய்துவிட்டுப் பழையதை அழிக்கலாம். அவசரமென்றால் ரோலின் அனுமதியையே பறிக்கலாம், ஆனால் அந்த ரோல் கையெழுத்துப் போட்ட எல்லா லிங்க்கும் போய்விடும். லிங்க் கொடுக்கும் லாம்டாவுக்குத் தனி ரோல் வைத்திருந்தால், மற்ற ஃபங்ஷன்கள் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும்.