கதவை உடைத்த கரடியை எதற்குக் காப்பாற்ற வேண்டும்? பிள்ளைகளுக்கு என்ன பதில் சொல்வது

வணக்கம். இந்த வாரம் வந்த கேள்விகளில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். கொஞ்சம் விரிவாகவே பேச வேண்டிய கேள்வி இது. கோத்தகிரிப் பக்கத்தில் இருந்து ஒரு டீச்சர் அனுப்பியிருக்கிறார். ஐந்தாம் வகுப்பு எடுக்கிறவர். வாசிப்பு வகுப்பில் அழிந்துவரும் விலங்குகளைப் பற்றிப் பேசியிருக்கிறார். படம் காட்டி, பெயர் சொல்லி, "இவற்றையெல்லாம் நாம்தான் காப்பாற்ற வேண்டும்" என்று முடித்தபோது ஒரு பையன் எழுந்திருக்கிறான். "டீச்சர், போன மாசம் கரடி வந்து எங்க பாட்டி வீட்டுக் கதவை உடைச்சுது. அதை எதுக்குக் காப்பாத்தணும்?" வகுப்பு முழுக்க அவன் பக்கம் சேர்ந்துகொண்டதாம். இந்தப் பையனுக்கு என்ன சொல்வது என்பதுதான் டீச்சரின் கேள்வி.

டீச்சர், முதலில் ஒன்று. அந்தப் பையனுக்கு உடனே பதில் சொல்ல வேண்டியதில்லை. பாட்டிக்கு என்ன ஆச்சு என்று கேளுங்கள். ராத்திரியா, விடிகாலையா, வீட்டில் யார் இருந்தார்கள், பாட்டி இப்போது தனியாகத் தூங்குகிறாரா என்று கேளுங்கள். அவன் சொல்வது உண்மை. நீலகிரியில் கரடியிடம் அடிபட்டவர்கள் இருக்கிறார்கள், உயிர் போனவர்களும் இருக்கிறார்கள். அந்தப் பயத்தை ஓரமாகத் தள்ளிவிட்டு "எல்லா உயிரும் சமம்" என்று சொன்னால், டீச்சருக்குப் பாட்டியைவிடக் கரடிதான் பெரிது என்று பிள்ளை எடுத்துக்கொள்ளும். அப்புறம் நீங்கள் எதைச் சொன்னாலும் காதில் ஏறாது.

பாட்டியைப் பற்றிப் பேசி முடித்த பிறகு, அது ஏன் கதவை உடைத்தது என்று அவனையே கேளுங்கள். பாடம் இந்த இடத்தில்தான் தொடங்குகிறது. வாயைத் திறந்திருக்கும் கரடியின் படம் ஒன்றைத் தேடி எடுத்துக் காட்டுங்கள். மேல் வரிசையில் நடு முன்பற்கள் இரண்டும் இருக்காது. விழுந்துபோனவை இல்லை, நம் ஊர்க் கரடிக்கு அந்த இரண்டு பற்களும் கிடையாது. உதடு நீளம், முன்னால் குவியும். மூக்குத் துவாரத்தை நினைத்தபோது மூடிக்கொள்ளும். கரையான் புற்றை நகத்தால் கிழித்து, மண்ணை ஊதித் தள்ளிவிட்டு, அந்தப் பல் இல்லாத இடைவெளி வழியாகக் கரையானை உறிஞ்சி எடுக்கும். உறிஞ்சும் சத்தம் நூறு மீட்டர் தள்ளி நிற்பவருக்கும் கேட்கும். ஒவ்வொரு பிள்ளைக்கும் பல் விழுந்த அனுபவம் உண்டு. நாக்கை அந்த இடத்தில் வைத்து உறிஞ்சிப் பார்க்காத பிள்ளை இல்லை. வகுப்பில் எல்லோரும் உறிஞ்சிக் காட்டுவார்கள், விடுங்கள், இரண்டு நிமிடம் சத்தம் போடட்டும்.

இப்போது ஒரு கணக்கு. கரையானையும் எறும்பையும் காட்டுப் பழத்தையும் நம்பி வாழ்கிற ஒரு பிராணி வயிறு நிரம்ப ராத்திரி முழுக்க அலைய வேண்டும். ஊருக்குள் வந்தால் என்ன கிடைக்கிறது? பேரிக்காய் மரம் இருக்கிறது. கோயில் விளக்கில் எண்ணெய் இருக்கிறது. கடைக்குள் சர்க்கரை, வெல்லம். தெருமுனையில் மிச்சச் சோறு. ஒரு மணி நேரத்தில் வயிறு நிறைகிறது. பராமரிப்பு இல்லாமல் விட்ட தேயிலைத் தோட்டங்களில் உண்ணிச்செடி ஆளுயரத்துக்கு வளர்ந்து கிடக்கிறது, பகல் முழுக்க அதற்குள் படுத்துக்கொள்ள இடமும் ஆச்சு. அம்மா கரடி குட்டிகளை முதுகில் சுமந்துகொண்டு திரியும். முதுகில் இருந்தபடி குட்டி எதைப் பார்க்கிறதோ அதுதான் அதற்குப் பாடம். எண்ணெய் வாசம் வருகிற கதவைத் தள்ளினால் சாப்பாடு என்று பார்த்து வளர்கிற குட்டி, பெரிதானதும் அதையேதான் செய்யும்.

இதை இப்படிச் சொல்லிவிட்டு, பாட்டி வீட்டுக்கு என்ன செய்யலாம் என்று பிள்ளைகளையே சொல்லச் சொல்லுங்கள். வீட்டைச் சுற்றி இருக்கும் புதரை வெட்டலாம். குப்பையை வெளியே போடாமல் இருக்கலாம். எண்ணெய் டின்னை மூடி உள்ளே வைக்கலாம். இருட்டில் தனியாக வெளியே போகாமல், டார்ச்சும் பேச்சுச் சத்தமுமாகப் போகலாம். பழம் பழுக்கும் மாதத்தில் சீக்கிரமே பறித்துவிடலாம். கரும்பலகையில் எழுதிப் போட்டுவிட்டு, இதில் எது பாட்டிக்காக, எது கரடிக்காக என்று பிரிக்கச் சொல்லுங்கள். பிரிக்க வராது. ஊர்ச் சோற்றுக்குப் பழகாத கரடியை யாரும் கூண்டு வைத்துப் பிடிக்க வேண்டியதில்லை, கம்பு எடுத்துத் துரத்த வேண்டியதில்லை. மலையில் வாழ்கிற பிள்ளைக்கு "விலங்கைக் காப்பாற்றுவது" என்றால் இதுதான். தன் வீட்டையும் அதன் காட்டையும் ஒரே வேலையாகப் பார்ப்பது. இது புரியாமல் புலி படத்தையும் பாண்டா படத்தையும் மட்டும் காட்டிக்கொண்டிருந்தால், காப்பாற்றுவது என்பது டிவியில் வேறு யாரோ செய்கிற வேலை என்று பிள்ளை நினைத்துக்கொள்ளும்.

சரி, "எதற்கு" என்ற கேள்வி இன்னும் பாக்கி இருக்கிறது. கரடி வராமல் பார்த்துக்கொள்ளலாம், ஆனால் கரடியே இல்லாமல் போனால் என்ன நஷ்டம்? பிள்ளைகள் இதையும் கேட்பார்கள், கேட்கத்தான் வேண்டும். கரடி கொன்றைப் பழத்தையும் இலந்தைப் பழத்தையும் தின்றுவிட்டு விதையை வேறு எங்கோ கொண்டுபோய் எச்சத்தோடு போடுகிறது, அங்கே புது மரம் முளைக்கிறது என்று சொல்லலாம். உண்மைதான். ஆனால் ஒரு விலங்கு போனால் என்ன ஆகும் என்பதைப் பிள்ளை மனதில் பதிய வைக்க, நம் மலைக்குக் கீழேயே நடந்த பெரிய கதை ஒன்று இருக்கிறது. பாறுக் கழுகுகளின் கதை. இதை நான் ஒரு துப்பறியும் கதை மாதிரியே சொல்வேன்.

மசினகுடியில் இருந்து மாயாற்றுப் பக்கம் போனால் சீகூர் பீடபூமி. ஓடைக்கரையில் உயரமான நீர்மருது மரங்கள் நிற்கும். அதன் உச்சியில் வெண்முதுகுப் பாறு கூடு கட்டும். வருடத்துக்கு ஒரே ஒரு முட்டை. காட்டில் செத்துக் கிடக்கிற மானையும் மாட்டையும் கூட்டமாக வந்து எலும்பு மட்டும் மிஞ்சும்படி தின்று தீர்த்துவிடும். அழுகிய இறைச்சியில் இருக்கும் நோய்க்கிருமிகள் அதன் வயிற்று அமிலத்தில் செத்துப்போகும். ஒரு காலத்தில் இந்தியா முழுக்க லட்சக்கணக்கில் இருந்த பறவை. 1990-களில் திடீரென்று சாக ஆரம்பித்தன. மரத்தில் உட்கார்ந்தபடியே தலை தொங்கிப்போய்க் கீழே விழுந்தன. பதினைந்து வருடத்துக்குள் நாட்டில் இருந்த வெண்முதுகுப் பாறுகளில் 100-க்கு 99-க்கும் மேல் இல்லாமல் போய்விட்டன. யாரும் வேட்டையாடவில்லை. காட்டையும் யாரும் வெட்டவில்லை. அப்படியானால் கொன்றது யார்?

இந்த இடத்தில் கதையை நிறுத்திவிடுங்கள். பிள்ளைகள் ஊகிக்கட்டும். நோய் என்பார்கள், செல்போன் டவர் என்பார்கள், எல்லாவற்றையும் எழுதுங்கள். அப்புறம் சொல்லுங்கள். 2004-ல் காரணம் வெளியே வந்தது. டைக்ளோபினாக் என்ற வலி மருந்து. மாட்டுக்குக் கால்வலி, காய்ச்சல் என்றால் ஊசி போடுவார்கள். ஊசி போட்ட மாடு செத்தால், அந்த இறைச்சியைத் தின்ற பாறுகளுக்குச் சிறுநீரகம் கெட்டுச் சில நாட்களில் செத்துப்போகும். ஊசி போட்டவருக்கு மாட்டின் மேல் அன்புதான் இருந்தது. கெட்டவன் என்று யாருமே இல்லாத கதை இது. பிள்ளைகள் இதைக் கேட்டு ரொம்ப நேரம் யோசிப்பார்கள்.

கதை அங்கே முடியவில்லை என்பதையும் கட்டாயம் சொல்லுங்கள். 2006-ல் கால்நடைக்கு அந்த மருந்து தடை செய்யப்பட்டது. மனிதருக்கான பெரிய பாட்டிலை வாங்கி மாட்டுக்குப் போடுவது தொடர்ந்ததால், 2015-ல் மனிதருக்கான ஊசி மருந்தையும் 3 மில்லி அளவுக்கு மேல் ஒரே புட்டியில் விற்கக் கூடாது என்று ஆணை வந்தது. மெலாக்சிகம் என்ற மருந்து அதே வலிக்கு வேலை செய்கிறது, பாறுகளுக்கும் ஆபத்தில்லை. தமிழ்நாட்டில் இன்றைக்கும் பாறுகள் கூடு கட்டுகிற முக்கியமான இடம் அந்தச் சீகூர்ப் பகுதிதான். வீட்டில் மாடு வைத்திருக்கும் பிள்ளை அன்றைக்குச் சாயந்தரமே அப்பாவிடம் போய், நம்ம மாட்டுக்கு என்ன ஊசி போடுகிறீர்கள் என்று கேட்கும். வகுப்பில் பேசியது வீட்டுத் தொழுவம் வரை போவதற்கு இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது.

வரையாட்டைப் பற்றி ஒரு வார்த்தை. நம் மாநில விலங்கு, எல்லாப் பாடப்புத்தகத்திலும் இருக்கிறது. பிள்ளைகளை வரையச் சொன்னால் பெரும்பாலும் ஆட்டைச் சுற்றி அடர்ந்த மரங்களை வரைந்துவிடுவார்கள். காடு என்றால் மரம் என்றுதான் நாம் சொல்லிக்கொடுத்திருக்கிறோம். ஆனால் வரையாட்டுக்கு வேண்டியது திறந்த புல்வெளியும் செங்குத்தான பாறையும். முக்குருத்திப் பக்கம் போனால் மேலே புல், மடிப்புகளில் மட்டும் சோலை. அந்தப் புல்வெளியை வெறும் நிலம் என்று நினைத்து வெள்ளைக்காரர் காலத்திலும் அதற்குப் பிறகும் சீகை (வாட்டில்) மரமும் கற்பூர (யூகலிப்டஸ்) மரமும் பைன் மரமும் நட்டுத் தள்ளினார்கள். கொடைக்கானல் மலையிலும் இதே கதைதான். சீகை இன்றைக்குத் தானாகவே பரவிக்கொண்டிருக்கிறது. ஆகவே மரம் நடு விழாவுக்குப் பிள்ளைகளைக் கூட்டிப்போவதற்கு முன், நடுகிற இடம் முன்னால் என்னவாக இருந்தது என்று ஒரு பெரியவரைக் கேட்டுவிட்டுப் போங்கள். தோடர், கோத்தர், இருளர், குறும்பர் வீட்டுப் பிள்ளைகள் உங்கள் வகுப்பில் இருந்தால் அவர்களுடைய தாத்தா பாட்டியையே கேட்கலாம். நாம் புத்தகத்தில் படித்ததை அவர்கள் நடந்து பார்த்து வைத்திருக்கிறார்கள்.

எண்ணிக்கையைச் சொல்வதாக இருந்தால் பிள்ளைக்குப் பிடிபடுகிற மாதிரி சொல்லுங்கள். தமிழ்நாட்டில் 2024 கணக்கெடுப்பில் 1,031 வரையாடுகள், 2025-ல் 1,303. மாநிலம் முழுக்க இருக்கிற வரையாடுகளை வரிசையில் நிறுத்தினால், ஒரு பெரிய மேல்நிலைப்பள்ளியின் காலைப் பிரேயர் அளவுதான் வரும். கூடியிருக்கிறதே என்று பிள்ளைகள் கை தட்டுவார்கள், தட்டட்டும். இரண்டாம் முறை கூடுதலான இடங்களில் தேடினார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள். எண்ணைப் பார்த்தவுடன் நம்பிவிடாமல் எப்படி எண்ணினார்கள் என்று கேட்கிற பழக்கம் அவர்களுக்கு வரட்டும். 1975-ல் வரையாடுகளை எண்ணிப் பார்த்த இயற்கை ஆர்வலர் ஈ.ஆர்.சி. டேவிதாரின் நினைவாகத்தான் அக்டோபர் 7-ஐ வரையாடு தினமாகக் கொண்டாடுகிறோம்.

இதையொட்டியே ஒரு அம்மாவும் கேட்டிருக்கிறார், ஆறு வயது மகள் இதையெல்லாம் கேட்டு அழுகிறாள் என்று. அந்த வயதில் அழிவைப் பற்றிப் பேசவே வேண்டாம். அது எப்படித் தூங்கும், குட்டிக்கு எப்படிப் பால் கொடுக்கும், யாருக்குப் பயப்படும் என்று மட்டும் சொல்லுங்கள், போதும். காரணம் கேட்கிற வயது ஒன்பது, பத்தில் தானாக வரும். பன்னிரண்டு தாண்டியவர்களுக்கு இன்னும் கஷ்டமானதைக் கொடுக்கலாம். சீகூர் யானை வழித்தடத்தில் தங்கும் விடுதிகள் பற்றி 2020-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு கொடுத்தது, வழித்தடத்தை அறிவித்த அரசாணை செல்லும் என்று. விடுதியில் வேலை பார்த்தவரின் மகனாகவும் யானை டாக்டராகவும் இரண்டு பேரை நிறுத்திப் பேச வையுங்கள். யாரையும் ஜெயிக்க வைக்க வேண்டாம்.

டீச்சர், கடைசியாக ஒரு யோசனை. வனத்துறையில் இருந்து யாரையாவது வகுப்புக்குக் கூப்பிடுவதாக இருந்தால், பெரிய அதிகாரியைக் கேட்காதீர்கள். வேட்டைத் தடுப்புக் காவலர் ஒருவரைக் கேளுங்கள். ஊருக்குள் கரடி வந்தால் ராத்திரியில் டார்ச்சோடு முதலில் வந்து நிற்பவர் அவர்தான். ரேஞ்சர் அலுவலகத்துக்குத் தலைமை ஆசிரியர் கையெழுத்தோடு ஒரு வாரம் முன்னதாகவே கடிதம் கொடுத்துவிடுங்கள். இரவு வேலை முடிந்து தூங்கி எழுந்து வருவார், அதனால் மதியத்துக்குப் பிறகு நேரம் வையுங்கள். பிள்ளைகளின் கேள்விகளை முன்கூட்டியே வாங்கித் திருத்த வேண்டாம். "உங்களுக்குப் பயமா இருக்காதா?" என்றுதான் முதலில் கேட்பார்கள், அதற்கு அவரே பதில் சொல்லட்டும்.