எஃப்-16 ஐஎன்எஸ் அலைன்மென்ட்: 8 நிமிஷம் ஏன் ஆகுது, எங்க சொதப்புது?

வணக்கம் மக்களே. டிசிஎஸ்ங்கிற விமான சிமுலேட்டர் கேம்ல எஃப்-16சி போர் விமானம், காகஸஸ் மேப், பாத்தூமி ஏர்போர்ட். விமானம் எங்க இருக்கு, எந்தத் திசையைப் பாக்குதுன்னு தானே கணக்குப் போடுற கருவிதான் ஐஎன்எஸ். கிளம்புறதுக்கு முன்னாடி அதைத் தயார் பண்றதுதான் அலைன்மென்ட். இன்ஜின் ஐடில்ல ஓடுது, மெயின் ஜெனரேட்டர் வந்தாச்சு, பார்க்கிங் பிரேக் போட்டிருக்கு. வலது கன்சோல்ல ஏவியானிக்ஸ் பவர் பேனலைப் பாருங்க. எம்எம்சி (மெயின் கம்ப்யூட்டர்), எம்எஃப்டி (ஸ்கிரீன்கள்), யுஎஃப்சி (முன்பக்க கன்ட்ரோல்), ஜிபிஎஸ் எல்லாத்தையும் ஆன் பண்ணிட்டேன். யுஎஃப்சி ஆன் ஆகலைன்னா எண்ணும் எழுத்தும் காட்டுற டிஈடி ஸ்கிரீன் இருட்டாவே இருக்கும். அப்புறம் பேஜ் வரலைன்னு தேடிட்டு இருப்பீங்க.

இப்ப ஐஎன்எஸ் நாப். ஆஃப்-லேருந்து முதல் க்ளிக் ஸ்டோர் ஹெடிங், ரெண்டாவது நார்ம். நார்ம்ல விடுங்க. ஐசிபில (முன்னாடி இருக்கிற பட்டன் பலகை) லிஸ்ட், 6 அடிச்சா டிஈடில ஐஎன்எஸ் பேஜ். மேல ரெண்டு எண் தெரியுதா? இடது பக்கம் ஓடிட்டு இருக்கிற நிமிஷம், வலது பக்கம் ஸ்டேட்டஸ். ஸ்டேட்டஸ் 99-ல ஆரம்பிச்சு 10 வரைக்கும் இறங்கணும். 10-ன்னா மணிக்கு 0.8 நாட்டிக்கல் மைல் அளவுக்குள்ள பிசகுற தரம்.

அடுத்து செய்ய வேண்டியதை முதல் 2 நிமிஷத்துக்குள்ள செய்யணும். அட்சரேகை, தீர்க்கரேகை, உயரம்னு மூணு வரி இருக்கு. எண் சரியா இருந்தாலும் மூணு வரியிலயும் என்டர் அடிச்சே ஆகணும். ஸ்டார் குறியை அடுத்த வரிக்கு நகர்த்த ஐசிபில இருக்கிற அந்தக் குட்டி ஸ்விட்ச்சைக் கீழ தள்ளுங்க. (அதோட பேரும் டிசிஎஸ்தான், குழம்பாதீங்க.) 2 நிமிஷம் தாண்டி என்டர் அடிச்சா அலைன்மென்ட் மறுபடியும் முதல்லேருந்து ஆரம்பிக்கும். அடிக்கவே இல்லைன்னா முழுத் தரம் கிடைக்காது.

எண்ணை நீங்களே போடுறதா இருந்தா, வடக்குக்கு 2, கிழக்குக்கு 6, அப்புறம் டிகிரி, நிமிஷம் (இது நேரம் இல்ல, டிகிரியில 60-ல ஒரு பங்கு). தீர்க்கரேகைக்கு டிகிரி மூணு இலக்கம், பாத்தூமின்னா 041. நிறைய பேர் கவுர்ற இடம் இன்னொண்ணு இருக்கு. எஃப்10 கீ அடிச்சா வர்ற மேப் டிகிரி, நிமிஷம், செகண்ட்னு காட்டும். விமானம் கேக்குறது தசம நிமிஷம். 36 நிமிஷம் 30 செகண்டை 36.30-ன்னு போட்டா தப்பு, 36.50-ன்னு போடணும். அட்சரேகையில அந்த 0.2 நிமிஷம் கிட்டத்தட்ட 370 மீட்டர். மேப்ல இடது ஆல்ட் + ஒய் அடிச்சுட்டே வந்தா தசம நிமிஷத்துக்கு மாறிடும். மனக்கணக்கே வேண்டாம்.

சரி, ஓடட்டும். இந்த 8 நிமிஷம் உள்ள என்ன நடக்குது? முதல்ல ஆக்சிலரோமீட்டர் மூணும் புவியீர்ப்பு எந்தப் பக்கம் இழுக்குதுன்னு பாக்கும். கொத்தனார் ரசமட்டம் வைக்கிற மாதிரி, எது மட்டம்னு பிடிக்கிற வேலை. இது சீக்கிரம் முடிஞ்சுடும். அப்புறம்தான் வடக்கைத் தேடுது. பூமி மணிக்கு 15 டிகிரி சுத்துது. அந்தச் சுழற்சியை லேசர் ஜைரோ உணர்ந்து, அதுல படுக்கைவாட்டுல இருக்கிற பங்கு எந்தத் திசையைக் காட்டுதோ அதை உண்மை வடக்குன்னு எடுத்துக்கும். பாத்தூமி அட்சரேகையில அந்தப் பங்கு மணிக்கு 11 டிகிரிதான். ரொம்ப மெல்லிய சிக்னல், நிறைய நேரம் சராசரி எடுக்கணும். நேரம் எல்லாம் அதுக்குத்தான் போகுது. துருவத்துக்குப் பக்கத்துல போகப்போக அது இன்னும் சுருங்கும்.

பூமிச் சுழற்சி எவ்வளவு சாய்வா வருதுங்கிறதுலேருந்து அட்சரேகையை ஐஎன்எஸ் பெட்டியே ஓரளவு சரிபாக்க முடியும். தீர்க்கரேகையை முடியாது, கிழக்கே எங்க நின்னாலும் பூமி ஒரே மாதிரிதான் சுத்துது. அதனால தீர்க்கரேகையில நீங்க போட்ட தப்பு அப்படியே உள்ள போய் உக்காந்துடும். எந்த எச்சரிக்கையும் வராது. ஸ்டியர்பாயின்ட் (போக வேண்டிய வழிப் புள்ளி) எல்லாம் ஒரே அளவுக்குத் தள்ளி நிக்குதுன்னா முதல்ல அதைத்தான் சந்தேகப்படணும். என்டர் அடிக்கும்போது ரெண்டு தடவை பாக்க வேண்டிய வரி அதுதான்.

இதுக்கு நடுவுல எஃப்எல்சிஎஸ் பிட் (பறக்கும் கன்ட்ரோல் சுயசோதனை), டேட்டாலிங்க், ஆயுதப் பேஜ் எல்லாம் பண்ணிக்கலாம். த்ராட்டிலை மட்டும் தொடாதீங்க. ஐடில்லேருந்து கொஞ்சம் முன்னாடி போனாலே பார்க்கிங் பிரேக் தானா விடுபட்டுடும், விமானம் உருளும், அலைன்மென்ட் கெட்டுப்போகும். ஜாய்ஸ்டிக்ல த்ராட்டில் ஆக்சிஸ் நடுங்குதுன்னா டெட்சோன் வெச்சுக்கோங்க.

ஸ்டேட்டஸ் 70-க்கு வந்ததும் ரெடின்னு நிலையா எரியும். அவசரப்படாதீங்க, அது குறைஞ்ச தரம். 10-க்கு வந்து ரெடி விட்டுவிட்டு மின்னினாதான் முடிஞ்சதுன்னு அர்த்தம். ஹட்லயும் (கண்ணுக்கு நேரா இருக்கிற கண்ணாடித் திரை) அலைன் மின்னும். இப்ப நாப்பை நேவ்-க்கு ஒரே ஒரு க்ளிக். மவுஸ் வீல்ல உருட்டினா அடுத்த கேல்-க்குத் தாவிடும், பாத்து. நேவ் போடாம டாக்ஸி கிளம்புறதுதான் ஆன்லைன் சர்வர்கள்ல நடக்குற பெரிய கூத்து.

ஸ்டோர் ஹெடிங் 90 செகண்ட்ல முடியுதே, அதையே எப்பவும் போடலாமேன்னு கேப்பீங்க. அது வடக்கைத் தேடாது, போன தடவை சேமிச்ச ஹெடிங்கை அப்படியே நம்பும். அதுக்கப்புறம் விமானம் 1 டிகிரி திரும்பியிருந்தாலும், 60 மைல் போனா 1 மைல் தள்ளி இருப்பீங்க. நின்ன இடத்துலேருந்து அசையலைன்னா மட்டும் போடுங்க.

ஜிபிஎஸ் இருந்தா பறக்கும்போது வர்ற டிரிஃப்டை அது திருத்திக்கிட்டே வரும். ஜிபிஎஸ் இல்லாத மிஷன்ல நீங்கதான் திருத்தணும்: ஐசிபில 8, ஃபிக்ஸ் பேஜ், தெரிஞ்ச ஒரு இடத்துக்கு மேல பறந்தோ டார்கெட்டிங் பாட்ல (இலக்கு பாக்குற கேமரா) பிடிச்சோ. வானத்துல ஐஎன்எஸ் மொத்தமா போயிடுச்சுன்னா நாப்பை ஆஃப் பண்ணி, 10 செகண்ட் விட்டு, இன்ஃப்ளைட் அலைன். காந்தத் திசைகாட்டியைப் பாத்து ஹெடிங்கை டிஈடில போடுங்க, ஸ்டிக்கை ஆட்டாம நேரா, மட்டமா பறங்க. ரெடி வந்ததும் நேவ்.