கார்புரேட்டர் மேல கை வைக்கறதுக்கு முன்னாடி

நேயர்களுக்கு வணக்கம். ரொம்ப நாளா நிறுத்தி வச்ச பழைய பைக், மிதிச்சு மிதிச்சு காலே கழண்டுபோச்சு, ஆனா ஸ்டார்ட் ஆகல. உடனே நம்மாளுங்க ஸ்பேனரும் கையுமா கார்புரேட்டர் பக்கத்துல, அதாவது பெட்ரோலையும் காத்தையும் கலந்து இன்ஜினுக்கு அனுப்புற பாகத்துக்கிட்ட, உக்காந்துடுவாங்க. அது கடைசில செய்ற வேலைங்க. பெட்ரோல் மேல டேங்க்ல இருந்து கீழ இறங்குது, நாமளும் மேல இருந்தே பாத்துட்டு வரணும், எங்க போனாலும் நான் இதைத்தான் சொல்லிட்டு திரியறேன்.

முதல்ல பெட்ரோல் வருதா வரலையான்னு தெரியணும்ல? சோக் (காத்தை குறைச்சு பெட்ரோலை கூட்டுற லிவர்) போட்டு நாலு கிக் அடிச்சிட்டு, இன்ஜினுக்குள்ள பொறி விடற பிளக்கை கழட்டி பாருங்க. முனை காஞ்சு கிடந்தா பெட்ரோல் உள்ள வரல. ஈரமா, பெட்ரோல் வாசனையோட இருந்தா வருது, ஒண்ணு தேவைக்கு மேல வந்து ரொம்பிடுச்சு, இல்ல பிளக்ல பொறி வரல. (பொறி கதை தனி, அதை இன்னைக்கு தொடல.)

காஞ்சு கிடக்குன்னு வச்சுக்கங்க. இப்ப மேல போங்க, டேங்க் மூடிக்கு. சிரிக்காதீங்க! அந்த மூடில காத்து போக ஒரு சின்ன வழி இருக்கும், அதை யாருமே கண்டுக்கறதில்ல. என் சிநேகிதர் ஒருத்தர் பைக், நல்லா ஓடிட்டே இருக்கும், கொஞ்ச தூரத்துல மூச்சடைச்சு நின்னுடும், அப்புறம் எவ்ளோ மிதிச்சாலும் வராது, ஓரமா உக்காந்து கதை பேசிட்டு எழுந்தா முதல் கிக்லயே வரும். பிளக் மாத்தினார், காயில் மாத்தினார், கார்புரேட்டரை மட்டும் எத்தனை தடவை கழட்டினார்னு அவருக்கே தெரியாது. நான் போய் செஞ்சது ஒண்ணே ஒண்ணு, வண்டி நின்னதும் மூடியை திறந்தேன், உஸ்ஸுனு காத்தை உள்ள இழுத்துச்சு பாருங்க, அவர் மூஞ்சி போன போக்கு! ஜூஸ் குடிக்கிற ஸ்ட்ரா மேல விரலை வச்சு மூடுனா உள்ள இருக்கறது கீழ இறங்குமா? அதேதான். காத்து உள்ள போனாதான் பெட்ரோல் வெளிய வரும். மூடி ஓட்டைல அழுக்கும் துருவும் அடைச்சிருந்துச்சு, சுத்தம் பண்ணி மாட்டினோம், அவ்ளோதான். அதனால மறுபடியும் சொல்றேன், மூடியை பாருங்க.

மூடி சரின்னா அடுத்து டேப், டேங்க் அடில பெட்ரோலை திறந்து மூடற குழாய். ஆஃப்ல இருக்கான்னு பாருங்க, ரிசர்வ்ல போட்டும் பாருங்க. ட்யூபை கார்புரேட்டர் பக்கம் உருவி ஒரு கண்ணாடி பாட்டில்ல பிடிங்க, தடையில்லாம ஓடி வரணும். சொட்டு சொட்டா வந்தா டேப்ல இருக்கற வலை இல்ல ஃபில்டர் அடைச்சிருக்கு. பிடிச்சத கொஞ்ச நேரம் அசையாம வைங்க. தண்ணி பெட்ரோலைவிட கனம்ங்கறதால அடில தனியா உருண்டு நிக்கும். எத்தனால் கலந்த பெட்ரோல் ஈரத்தை இழுத்துக்கும், மாசக்கணக்குல கிடந்தா இது நடக்கும். ஆங், சொல்ல மறந்துட்டேன், இதெல்லாம் காத்தோட்டமா இருக்கற இடத்துல, இன்ஜின் ஆறினப்புறம். பீடி சிகரெட் பக்கத்துலயே வரக்கூடாது.

அப்புறம் கார்புரேட்டர் அடில ஒரு ட்ரெய்ன் ஸ்க்ரூ இருக்கும், அதை லூஸ் பண்ணி, உள்ள பெட்ரோல் தேங்கி நிக்கற கிண்ணத்துல இருக்கறதை வடிச்சு விட்டாலே பாதி வண்டிங்க கிளம்பிடும். ஓவர்ஃப்ளோ ட்யூப்ல ஒழுகிட்டே இருந்தா ஃப்ளோட் ஊசி, அதாவது கிண்ணம் நிறைஞ்சதும் பெட்ரோல் வழியை அடைக்கற ஊசி, சரியா உக்காரல. அப்ப பெட்ரோல் இன்ஜினுக்குள்ளயும் இறங்கியிருக்கலாம், இன்ஜின் ஆயிலையும் மோந்து பாருங்க, பெட்ரோல் வாடை அடிச்சா ஆயிலை மாத்தாம ஸ்டார்ட் பண்ணவே பண்ணாதீங்க.

நேரம் முடியுதுன்னு கண்ணாடிக்கு அந்தப்பக்கம் கை காட்டுறாங்க. ஜெட், அதாவது கார்புரேட்டருக்குள்ள பெட்ரோலை அளந்து விடற சின்ன ஓட்டை போட்ட திருகு, அதை பத்தி நிறைய வச்சிருந்தேன், சுருக்கமா சொல்லிடறேன். சோக் போட்டா மட்டும் ஓடுது, எடுத்தா நின்னுடுதுன்னா பெரும்பாலும் ஸ்லோ ஜெட் (வண்டி மெதுவா ஓடும்போது பெட்ரோல் விடற ஜெட்) அடைப்பு. அதோட ஓட்டை அரை மில்லிமீட்டர் கூட இருக்காது, இரும்பு கம்பி விட்டு குத்தாதீங்க, ஜெட் பித்தளைல செஞ்சது, ஓட்டை பெருசாயிடும். கார்புரேட்டர் க்ளீனர் அடிச்சு, காத்து ஊதி, வெளிச்சத்துல தூக்கி பாருங்க, வட்டமா வெளிச்சம் தெரியணும். டேங்க் துரு பத்தி இன்னொரு நாள் கூப்பிட்டா வந்து பேசறேன். வணக்கம்.