3018 சிஎன்சியில் யூஎஸ்பி ஏன் அறுந்துபோகிறது: 2 ரூபாய் கெப்பாசிட்டரும் ஒற்றை வரிப் பதிலும்

வணக்கம் நண்பர்களே. சென்ற காணொளியில் தொடங்கிய தேக்குப் பெயர்ப்பலகையின் இரண்டாம் பகுதியைத்தான் இன்று எதிர்பார்த்திருப்பீர்கள். அது அடுத்த வாரம் வரும். அந்த வேலை பாதி நடந்துகொண்டிருந்தபோது கணினி அனுப்பும் கட்டளைப்படி மரத்தைச் செதுக்கும் என் 3018 சிஎன்சி இயந்திரம் கணினியோடு இருந்த தொடர்பை இழந்து நின்றுவிட்டது. காரணம் கேட்டு, இயந்திரத்தை இயக்கும் மின்சுற்றுப் பலகையான போர்டை விற்றவருக்கு விரிவாக எழுதினேன். "நல்ல யூஎஸ்பி கேபிள் போடுங்கள், சரியாகாவிட்டால் போர்டை மாற்றுங்கள்" என்று ஒற்றை வரியில் பதில் வந்தது. உங்களில் பலருக்கும் இதே பதில் வந்திருப்பதாகப் பின்னூட்டங்களில் படித்திருக்கிறேன். 3,000 ரூபாய்க்கு மேல் விலையுள்ள போர்டை, எங்கே கோளாறு என்று பார்க்காமலே தூக்கியெறியச் சொல்வது எனக்கு மிகுந்த எரிச்சலைத் தருகிறது. அதனால்தான் இன்றைய காணொளி முழுவதும் இதைப் பற்றியே இருக்கப்போகிறது.

இயந்திரம் நின்றது என்று மட்டும் சொன்னால் போதாது. எப்படி நின்றது என்பதைக் கவனித்தால் பாதி விடை அங்கேயே கிடைத்துவிடும். நம் சிறிய இயந்திரங்களில் பெரும்பாலானவற்றில் ஓடுவது ஜிஆர்பிஎல் என்ற மென்பொருள். ஆர்டுயினோ ஊனோவில் இருக்கும் அதே ஏடிமெகா328பி சில்லில்தான் அது ஓடுகிறது. இயந்திரம் அனுப்பும் செய்திகள் வரும் கன்சோல் திரையில் "அலாரம் 1" என்று வந்திருந்தால், நகரும் எல்லையைக் காட்டும் லிமிட் ஸ்விட்ச் வந்து சேரும் சில்லின் காலில், அதாவது பின்னில், ஏதோ நடந்திருக்கிறது என்று பொருள். ஜிஆர்பிஎல் தன் பெயரையும் பதிப்பு எண்ணையும் சொல்லும் தொடக்க வரி வேலையின் நடுவில் திடீரென்று வந்திருந்தால், சில்லு புதிதாகத் தொடங்கியிருக்கிறது. அதற்கு மின்னழுத்தம் ஒரு கணம் சரிந்தது காரணமாக இருக்கலாம், ரீசெட் ஒயரில் மின் இரைச்சல், அதாவது வேண்டாத மின்துடிப்பு, ஏறியதும் காரணமாக இருக்கலாம். கணினியில் போர்ட்டே காணாமல் போய், விண்டோஸ் அந்தத் துண்டிப்பு ஒலியை எழுப்பியிருந்தால், அறுந்தது யூஎஸ்பி. லினக்ஸ் வைத்திருப்பவர்களுக்கு இதில் ஒரு வசதி உண்டு: கெர்னல் பதிவைத் திறந்து பார்த்தால், ஹப் அந்தப் போர்ட்டை முடக்கிவிட்டது என்ற செய்தியோடு "ஈஎம்ஐ?" என்று கேள்விக்குறியுடன் ஒரு குறிப்பு வரும். மின்காந்த இடையூறாக இருக்குமோ என்று கெர்னலே சந்தேகப்படுகிறது. எனக்கு வந்தது இந்த வகைதான்.

யூஎஸ்பி அறுந்த அந்த நேரத்தில், வெட்டும் பிட்டைச் சுழற்றும் மோட்டாரான ஸ்பிண்டில் நிற்கவில்லை என்பதையும் கவனியுங்கள். போர்டுக்கு 24 வோல்ட் தனி சப்ளையிலிருந்து வருவதால், கணினி போனாலும் சில்லு உயிரோடுதான் இருக்கிறது. ஏற்கெனவே வாங்கி வைத்திருந்த சில கட்டளை வரிகளை முடித்துவிட்டு, அடுத்த வரிக்காக அது காத்து நிற்கிறது. ஸ்பிண்டில் மட்டும் ஒரே இடத்தில் சுற்றிக்கொண்டே இருக்கும். தேக்கில் அந்த இடம் கருகிப் போயிற்று, பலகை வீண். ஆகவே வேலை ஓடும்போது பக்கத்தில் ஆள் இல்லாமல் போகாதீர்கள் என்று நான் சொல்லிவருவதற்கு இது இன்னொரு காரணம்.

இனி இணைப்புகளுக்கு வருகிறேன். இரைச்சல் என்று பழி போடும் முன் ஒயர் முனைகளைப் பார்க்க வேண்டும், ஏனென்றால் தளர்ந்த முனையும் மின் இரைச்சலும் திரையில் ஒரே செய்தியைத்தான் காட்டுகின்றன. டூபாண்ட் என்ற செருகு இணைப்பிகளை நான் எவ்வளவு வெறுப்பவன் என்பது பழைய நேயர்களுக்குத் தெரியும். மேசைமேல் அசையாமல் இருக்கும் சோதனைச் சுற்றுக்கு அவை போதும். நாள் முழுக்க அதிர்ந்துகொண்டிருக்கும் இயந்திரத்தில் அவற்றுக்கு இடமே இல்லை. பூட்டுப் பிடி கிடையாது, உள்ளே இருக்கும் மெல்லிய தகடு சிலமுறை செருகி எடுத்ததும் தளர்ந்துவிடும். நான் எல்லாவற்றையும் ஜேஎஸ்டி வகை இணைப்பிகளுக்கு மாற்றிவிட்டேன். ஸ்க்ரூ டெர்மினலில் போகும் பலஇழை ஒயர்களுக்குச் சால்டர் தடவி முறுக்குவதை இன்றும் பல காணொளிகளில் காட்டுகிறார்கள். அதைத் தயவுசெய்து செய்யாதீர்கள். ஈயம் மென்மையான உலோகம், ஸ்க்ரூவின் அழுத்தத்தில் நாளடைவில் மெல்ல நசுங்கி விலகும், முனை தளரும், தளர்ந்த முனை சூடாகும். அதற்கென்றே ஃபெரூல் என்ற சிறு குழாய்கள் இருக்கின்றன. ஒயரின் முனையில் மாட்டி, அதற்குரிய கிரிம்பிங் கருவியால் அழுத்தினால் போதும். கருவியும் குழாய்ப் பெட்டியும் சேர்த்து எனக்கு 900 ரூபாய்க்குள் முடிந்தது. என் பட்டறையில் இருக்கும் கருவிகளில் கொடுத்த காசுக்கு மேல் உழைத்தது அதுதான். அச்சுகளை நகர்த்தும் ஸ்டெப்பர் மோட்டாரின் ஒயரைச் சோதிக்கும்போது மட்டும் மின்சாரத்தை நிறுத்திவிட்டு ஆட்டிப் பாருங்கள். மின்சாரம் இருக்கும்போது அந்த இணைப்பு விட்டுப்போனால் அந்த மோட்டாரை இயக்கும் டிரைவர் சில்லு எரிந்துவிடக்கூடும்.

என் இயந்திரத்தில் முனைகள் எல்லாம் உறுதியாக இருந்தன. அடுத்த சோதனைக்கு ஒரு பைசா செலவில்லை. மடிக்கணினியின் சார்ஜரைக் கழற்றிவிட்டு, பேட்டரியில் மட்டும் ஓடவிட்டுப் பாருங்கள். நம் வீடுகளில் எர்த் ஒழுங்காக இல்லாத ப்ளக்கில் 24 வோல்ட் சப்ளையைச் செருகினால், அதற்குள்ளே இருக்கும் வடிகட்டிக் கெப்பாசிட்டர்கள் வழியாகக் கசியும் மின்சாரத்தால் அதன் உலோக உடல் 230 வோல்ட்டில் ஏறத்தாழ பாதியில் மிதக்கும். தொட்டால் விரலில் சுருக்கென்று இருப்பதும், டெஸ்டர் விளக்கு எரிவதும் அதனால்தான். இரண்டு முள் சார்ஜரில் இருக்கும் மடிக்கணினியும் இதே போல மிதக்கும். மிதக்கும் இந்த இரண்டையும் யூஎஸ்பி கேபிளின் கிரவுண்டு ஒயர் இணைக்கும்போது, ஓட வேண்டாத மின்னோட்டம் அதன் வழியே ஓடுகிறது. எனக்குப் பேட்டரியில் ஓட்டியபோது துண்டிப்பு வெகுவாகக் குறைந்தது, ஆனால் முற்றிலும் நிற்கவில்லை. எர்த் சரியில்லாத அந்த ப்ளக்கை எலெக்ட்ரீஷியனை வைத்துச் சரிசெய்தேன். அந்த வேலையை நீங்களே செய்ய முயலாதீர்கள்.

மிச்சமிருந்த துண்டிப்பு எப்போது வந்தது என்று பார்த்தால், ஸ்பிண்டில் தொடங்கும்போதும் நிற்கும்போதும், கடினமான இடத்தில் பிட் திணறும்போதும் வந்தது. அப்படியானால் ஊற்று ஸ்பிண்டில்தான். 3018-இல் வருவது 775 என்ற பிரஷ் மோட்டார். உள்ளே கார்பன் பிரஷ் கம்யூட்டேட்டரின் ஒரு துண்டிலிருந்து அடுத்த துண்டுக்குத் தாவும் ஒவ்வொரு முறையும் சுருளில் ஓடும் மின்னோட்டம் வெட்டப்பட்டுத் தீப்பொறி பறக்கிறது. அந்தப் பொறி பல அலைவரிசைகளில் பரவும் இரைச்சலைக் கிளப்ப, மோட்டாருக்குப் போகும் இரண்டு ஒயர்களும் ஏரியலாக மாறி, பக்கத்தில் ஒரே கட்டாகக் கட்டிக் கொண்டுபோன லிமிட் ஸ்விட்ச் ஒயர்களிலும் யூஎஸ்பி கேபிளிலும் அதைப் பாய்ச்சிவிடுகின்றன.

இதற்கு மருந்து 104 என்று எழுதியிருக்கும் செராமிக் கெப்பாசிட்டர். அது 0.1 மைக்ரோஃபாரட். ரிச்சி தெருவில் ஒன்று 2 ரூபாய்க்குக் கிடைத்தது. மூன்றுக்கு 6 ரூபாய்! 3,000 ரூபாய்ப் போர்டை மாற்றச் சொன்னவருக்கு இந்த 6 ரூபாயைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லத் தோன்றவில்லையே என்றுதான் எனக்கு ஆற்றாமை. மோட்டாரின் இரண்டு முனைகளுக்கும் குறுக்கே ஒன்று, ஒவ்வொரு முனையிலிருந்தும் மோட்டாரின் உலோக உடலுக்கு ஒவ்வொன்று, ஆக மொத்தம் மூன்று. 24 வோல்ட்டுக்கு 50 வோல்ட் அல்லது அதற்கு மேற்பட்ட தாங்குதிறன் உள்ளதைக் கேட்டு வாங்குங்கள். அதைப் போர்டின் பக்கம் வைத்தால் பயன் குறைவு. இரைச்சல் ஒயரில் ஏறுவதற்கு முன்பே அடங்க வேண்டும் என்பதால், கால்களைக் குட்டையாக வெட்டி மோட்டாரின் முனையிலேயே வைக்க வேண்டும்.

உடலில் சால்டர் செய்வதுதான் இந்த வேலையிலேயே கடினமான பகுதி, அதைப் பற்றி நிறையவே சொல்லப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். மோட்டார் உடல் கனமான உலோகம், வைத்த சூட்டையெல்லாம் உறிஞ்சிக்கொள்ளும். 25 வாட் அயர்னை எவ்வளவு நேரம் பிடித்தாலும் ஈயம் உருண்டையாக நின்று, ஆறியதும் நகத்தால் தள்ளினாலே விழுந்துவிடும். 60 வாட் அயர்ன் வேண்டும், தட்டையான அகலமான முனை வேண்டும். முதலில் உப்புத்தாளால் மேற்பூச்சு போய் உலோகம் பளபளக்கும்வரை தேய்க்கவும். தேய்த்த தூளை ஒட்டும் நாடாவால் முழுவதும் எடுத்துவிடவும். உள்ளே காந்தம் இருப்பதால் இரும்புத்தூள் காற்றுத் துளை வழியாகப் போய் ஒட்டிக்கொள்ளும். பிறகு ஃப்ளக்ஸ் தடவி, உடலில் மட்டும் தனியாக ஈயம் ஏற்றி, அது நீர் போலப் பரவிப் படிந்த பிறகுதான் கெப்பாசிட்டரின் காலை வைத்து உருக்க வேண்டும். பரவிப் படிந்த அந்தக் கணத்தை மெதுவோட்டத்தில் படம்பிடித்திருக்கிறேன். எனக்கு அதில் அவ்வளவு மகிழ்ச்சி. அதன்பின் ஸ்பிண்டிலைத் தொடர்ந்து நிறுத்தித் தொடங்கிப் பார்த்தேன், மின்னிணைப்பில் வைத்த சார்ஜரோடு ஓட்டினேன், கடினமான கருவேலக் கட்டையில் பிட்டைத் திணறவும் விட்டேன். யூஎஸ்பி ஒருமுறைகூட அறுபடவில்லை.

ஒரு முக்கியமான எச்சரிக்கையைச் சொல்லாமல் கடந்துவிட்டேன். இது 24 வோல்ட் மோட்டாருக்கு மட்டும். 230 வோல்ட்டில் ஓடும் மர ரவுட்டரில் இந்தச் சாதாரண கெப்பாசிட்டரை வைக்கவே கூடாது. அங்கே எக்ஸ்2 போன்ற பாதுகாப்பு வகைகள் மட்டுமே பொருந்தும். பெரிய கெப்பாசிட்டர் இன்னும் நல்லது என்று எண்ணி 104-ஐவிடப் பெரியதைப் போடவும் வேண்டாம். ஸ்பிண்டில் வேகத்தைத் துடிப்புகளால் கட்டுப்படுத்தும் மாஸ்ஃபெட் என்ற மின் ஸ்விட்ச் அதனால் வீணாகச் சூடேறும்.

"அலாரம் 1" வருபவர்களுக்கு வேறு கதை. ஜிஆர்பிஎல்லில் $21 என்ற அமைப்பு, அதாவது லிமிட் ஸ்விட்ச் தொட்டதும் இயந்திரத்தை நிறுத்தும் வசதி, இயங்கும்போது, லிமிட் பின்னில் ஒரு மாற்றம் வந்தாலே போதும். ஸ்விட்ச் உண்மையிலேயே அழுந்தியிருக்கிறதா என்று, வழக்கமான அமைப்பில், அது திரும்பிப் பார்ப்பதில்லை. கண நேர இரைச்சலும் அதற்கு விபத்துதான். பின்னை 5 வோல்ட் பக்கம் இழுத்துப் பிடிக்கச் சில்லுக்குள் இருக்கும் புல்-அப் ரெசிஸ்டர் 20 முதல் 50 கிலோ ஓம் வரை இருப்பதால், நீண்ட ஒயரில் அந்தப் பிடி மிகவும் தளர்வானது. வெளியே 4.7 கிலோ ஓம் ரெசிஸ்டரை 5 வோல்ட்டுக்குப் போட்டு, பின்னிலிருந்து கிரவுண்டுக்கு அதே 104 கெப்பாசிட்டரை வைத்தால், மில்லி விநாடியில் பாதிக்கும் குறைவான தாமதத்தில் கூர்மையான இரைச்சல் எல்லாம் அடங்கிவிடும். மென்பொருளைத் தொகுக்கத் தெரிந்தவர்கள் டிபவுன்ஸ் வசதியையும் இயக்கலாம். அது சுமார் 32 மில்லி விநாடி காத்திருந்து பின்னை மறுபடி படிக்கும். நான் வன்பொருளில் சரிசெய்வதையே விரும்புகிறேன், ஏனென்றால் இரைச்சல் அங்கேயே இருக்க, அதைப் பார்க்காமல் இருக்கச் சொல்வது எனக்கு ஒப்பவில்லை. ஸ்விட்சை நார்மலி க்ளோஸ்டாக, அதாவது அழுத்தாதபோது சுற்று மூடியிருக்கும்படி, இணைப்பது பற்றித் தனிக் காணொளியே போட்டிருக்கிறேன். ஒயர் அறுந்தால் உடனே தெரியும் என்பது அதன் பெரிய பலன்.

அலாரமே இல்லாமல் "ஹோல்ட்" என்று மட்டும் காட்டி நிற்கும் இயந்திரங்களைப் பற்றி மேலே சொல்லியிருக்க வேண்டும். ஆர்டுயினோ ஊனோவில் ஏ1 பின் ஃபீட் ஹோல்டுக்கானது, அதாவது ஓடும் வேலையைத் தற்காலிகமாக நிறுத்துவதற்கானது. அதில் பொத்தான் இல்லாமல் வெறும் நீள ஒயர் தொங்கிக்கொண்டிருந்தால், அந்த ஒயரைக் கழற்றிவிடுங்கள்.

இரைச்சலைத் தடுக்கக் கேபிளில் மாட்டும் ஃபெரைட் வளையம் பற்றி எல்லோரும் கேட்பீர்கள். வளையம் கெட்டதல்ல, ஆனால் ஊற்றை அடைக்காமல் அதை முதலில் மாட்டுவது எனக்குப் பிடிக்காது. யூஎஸ்பி ஐசொலேட்டர் அதைவிட மேலானது. ஏடியுஎம்3160 சில்லு உள்ள சிறு பலகை 12 மெகாபிட் வேகம்வரை செல்லும், நம் போர்டில் உள்ள சிஎச்340 என்ற யூஎஸ்பி சில்லுக்கு அது தாராளம், இரு பக்கத்துக் கிரவுண்டும் முற்றிலும் பிரிந்துவிடும். எர்த்தைச் சரிசெய்யவே முடியாத வாடகை வீட்டில் இருப்பவர்களுக்கு நான் தயங்காமல் பரிந்துரைப்பேன்.

மின் அலைவெண்ணை மாற்றி மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்தும் விஎஃப்டி வைத்த பெரிய ஸ்பிண்டிலுக்கு இது போதாது. அங்கே ஷீல்டு (உலோக உறை) போட்ட மோட்டார் கேபிளும், அந்த ஷீல்டுக்கு உறுதியான எர்த்தும், சிக்னல் ஒயர்களுக்குத் தள்ளிப் போகும் தனிப் பாதையும் வேண்டும். தூசி உறிஞ்சும் பிளாஸ்டிக் குழாயில் மரத்தூள் உரசிச் சேரும் நிலைமின்சாரமும் அங்கே இயந்திரத்தை நிறுத்தும். குழாய் நெடுக ஒரு வெற்று ஒயரைச் சுற்றி எர்த்தில் கட்ட வேண்டும்.

உங்கள் இயந்திரமும் இப்படி நின்றால் பின்னூட்டத்தில் எழுதுங்கள். எழுதும்போது, நின்ற நேரத்தில் கன்சோலில் வந்த கடைசி வரி, ஸ்பிண்டில் சுற்றிக்கொண்டிருந்ததா என்பது, மடிக்கணினி சார்ஜரில் இருந்ததா பேட்டரியில் இருந்ததா என்பது, இந்த மூன்றையும் சேர்த்தே எழுதுங்கள். அவை இல்லாமல் கேட்டால், எந்தக் கேபிளை மாற்றச் சொல்வதற்கும் எனக்கு மனம் வராது.